பாரிஸில் இம்ப்ரெஷனிஸ ஓவியங்கள்: ஓர்சே, ஓரஞ்செரி, மார்மோத்தானுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

முதல்முறை போகிறவர்கள் பலர் ஓர்சே அருங்காட்சியகத்தை வாசலிலிருந்தே பார்க்கத் தொடங்குகிறார்கள். தரைத்தளத்துச் சிற்பங்கள், பக்கத்து அறைகள், நடுத்தளம் என்று ஒன்றுவிடாமல் சுற்றிவிட்டு, இம்ப்ரெஷனிஸ ஓவியர்களான மோனேயும் ரெனுவாரும் இருக்கும் ஐந்தாம் தளத்துக்கு ஏறும்போது மூன்று மணி நேரம் போயிருக்கும். கால் கெஞ்சும், கண் எதையும் வாங்காது. எதற்காக வந்தார்களோ அதை இருபது நிமிடத்தில் முடித்துக்கொண்டு இறங்குவார்கள்.

இதற்கு மாற்று எளிது. ஐந்தாம் தளத்துக்கு முதலில் போங்கள். பார்க்க வேண்டிய பத்துப் பன்னிரண்டு ஓவியங்களை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஒரே நாளில் இழுக்காதீர்கள். ஓவியம் பார்ப்பது நின்றுகொண்டே செய்யும் வேலை. நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம் களைப்பாக்கும்.

எந்த அருங்காட்சியகம், எந்த நாள்

இம்ப்ரெஷனிஸம் என்பது ஒரு கணத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் வண்ணத் தீற்றல்களாகப் பிடிக்க முயன்ற 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவிய இயக்கம். பாரிஸில் இதற்கென்று மூன்று இடங்கள் இருக்கின்றன. ஓர்சேயில் எல்லாரும் இருக்கிறார்கள்: மோனே, ரெனுவார், தெகா, பிஸ்ஸாரோ, சிஸ்லே, மொரிசோ, கயிபோத், செசான், அவர்களுக்கு முன்னோடியான மானே. ஓரஞ்செரியில் மோனேயின் பிரம்மாண்டமான அல்லிக்குள ஓவியங்கள். மார்மோத்தான், மோனே ஓவியங்களை உலகிலேயே அதிகமாக வைத்திருக்கும் சிறிய இடம். இந்த இயக்கத்துக்குப் பெயர் வரக் காரணமான ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’ அங்கேதான் இருக்கிறது. ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் ஓர்சே. இன்னும் அரை நாள் கிடைத்தால் ஓரஞ்செரியைச் சேர்த்துக்கொள்ளலாம். மார்மோத்தான் ஊரின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

விடுமுறை நாள் குழப்பத்தில் ஏமாந்து திரும்புகிறவர்கள் நிறைய. ஓர்சேக்கும் மார்மோத்தானுக்கும் திங்கள் விடுமுறை, ஓரஞ்செரிக்குச் செவ்வாய். ஓர்சே காலை 9.30 முதல் மாலை 6 வரை, வியாழக்கிழமை மட்டும் இரவு 9.45 வரை. மே 1, டிசம்பர் 25 அன்று எல்லாம் மூடியிருக்கும். மாலை 6 மணி என்றால் 6 மணிவரை பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. 5 மணிக்கே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள், அதற்குச் சற்றுப் பிறகு காவலர்கள் அறைகளைக் காலி செய்யத் தொடங்குவார்கள். நாலரை மணிக்குப் போவது டிக்கெட் காசை வீணாக்குவதுதான்.

எங்கள் பரிந்துரை வியாழன் மாலை. 6 மணிக்குப் பிறகு டிக்கெட்டும் குறைந்த விலை, கூட்டமும் குறைவு. பகலில் ரெனுவார் முன்னால் இருபது பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் இரவு எட்டு மணிக்கு மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள். அது முடியாவிட்டால், வேலை நாளில் காலை திறக்கும் நேரம். மாதத்தின் முதல் ஞாயிறு ஓர்சேயிலும் ஓரஞ்செரியிலும் இலவசம் என்பதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். அதற்கும் முன்பதிவு வேண்டும், அன்றைய நெரிசலில் ஓவியத்தைவிட மனிதர்களின் முதுகைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

டிக்கெட்

அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்திலேயே, நேரம் குறித்து வாங்குங்கள். ஓர்சேயின் இணையக் கட்டணம் சமீப ஆண்டுகளில் 16 யூரோ அளவில் இருக்கிறது. விலை மாறக்கூடும் என்பதால் வாங்கும் நாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேடுபொறியில் முதலில் வரும் இடைத்தரகர் தளங்களில் இதே டிக்கெட்டை ‘வரிசை இல்லாமல் நுழையுங்கள்’ என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் உண்டு, அதை எந்த டிக்கெட்டும் தாண்டவைக்காது.

18 வயதுக்குக் கீழ் எந்த நாட்டவராக இருந்தாலும் ஓர்சேயிலும் ஓரஞ்செரியிலும் கட்டணமில்லை. 18 முதல் 25 வரையான சலுகை ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்களுக்குத்தான். அங்கே படிக்கும் மாணவர்கள் வசிப்பிட அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். பல அருங்காட்சியகங்களுக்கு ஒரே அனுமதிச்சீட்டான பாரிஸ் மியூசியம் பாஸ் வாங்கியிருந்தால் முதல் இரண்டு இடத்துக்கும் செல்லும், மார்மோத்தானுக்குச் செல்லாது. பாஸ் இருந்தாலும் ஓரஞ்செரிக்கு நேரத்தைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இதைத் தெரியாமல் வாசலில் பாஸை நீட்டுகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள்.

இன்னொரு வேலையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ஓர்சேயின் தளத்தில் ஒவ்வொரு ஓவியத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. அது இப்போது எந்தத் தளத்தில், எந்த அறையில் இருக்கிறது, அல்லது காட்சியில் இல்லையா என்று அதிலேயே இருக்கும். ஓவியங்கள் வேறு நாட்டுக் கண்காட்சிகளுக்கு மாதக்கணக்கில் போய்வரும். அறைகளையும் அவ்வப்போது மாற்றி அடுக்குவார்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய பயணக் குறிப்பில் உள்ள அறை எண்ணை நம்பிப் போகாதீர்கள்.

வாசலிலிருந்து ஐந்தாம் தளம் வரை

ஆர்.இ.ஆர். சி புறநகர் ரயிலில் ‘மியூசே தோர்சே’ நிறுத்தம் வாசலிலேயே இருக்கிறது. மெட்ரோ என்றால் 12ஆம் தடத்தில் சொல்ஃபெரினோவில் இறங்கி ஐந்து நிமிட நடை. டிக்கெட் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் தனித்தனி வரிசை. பலகையைப் பார்த்து நில்லுங்கள். தப்பான வரிசையின் முன்னால் போய்ச் சேர்ந்தபின் திருப்பி அனுப்புவார்கள்.

விமானத்தில் கைப்பெட்டியாக எடுத்துப்போகும் அளவைவிடப் பெரிய பெட்டி இருந்தால் உள்ளேயே விடமாட்டார்கள், வைத்துவிட்டுப் போகவும் இடம் தரமாட்டார்கள். ஊருக்குத் திரும்பும் நாளில் பெட்டியோடு நேராக இங்கே வரும் திட்டம் வேண்டாம். சின்ன முதுகுப்பை, நீளக் குடை, கனமான குளிர்கோட்டு எல்லாவற்றையும் இலவசக் காப்பறையில் கொடுத்துவிடுங்கள். குளிர்காலத்திலும் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். கோட்டைக் கையில் சுமந்துகொண்டு இரண்டு மணி நேரம் நிற்பது சின்னக் கஷ்டம் இல்லை.

நுழைந்ததும் கண்ணைப் பறிப்பது அந்தக் கூடம். 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக விக்தோர் லலூ கட்டிய ரயில் நிலையம் இது. 1986இல் அருங்காட்சியகமாக மாறியது. தண்டவாளங்கள் கிடந்த இடத்தில் இப்போது சிற்பங்கள் நிற்கின்றன. ஒரு நிமிடம் நின்று கூரையையும் பெரிய பொன்னிறக் கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, நிற்காமல் ஐந்தாம் தளத்துக்கு வழிகாட்டும் பலகைகளைப் பின்தொடருங்கள். தரைத்தளம் எங்கும் ஓடிப்போகாது. மானேயின் ‘ஒலிம்பியா’வும் மில்லேயின் கதிர் பொறுக்கும் பெண்களும் வழக்கமாகக் கீழேதான் இருப்பார்கள். இறங்கி வரும்போது தெம்பிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

ஓவியத்தின் முன்னால் என்ன செய்வது

இங்கேதான் பொறுமை வேண்டும். ஒவ்வொரு ஓவியத்துக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள். பெயர்ச்சீட்டை முதலில் படிக்காதீர்கள்.

முதலில் ஓவியத்தின் அகலத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு தூரத்தில் நில்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, என்ன நேரம், என்ன பருவம் என்பது தெரிந்துவிடும். அடுத்து ஒரு கை தூரத்துக்குப் போங்கள். அதற்கும் கிட்டே போனால் காவலர் குரல் கொடுப்பார், விரலை நீட்டிக் காட்டுவதும் ஆகாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது நல்ல பழக்கம். இவ்வளவு கிட்டத்தில் முகம், இலை, தண்ணீர் எல்லாம் கலைந்து வெறும் வண்ணத் தீற்றல்களாகிவிடும். எந்தத் தீற்றல் எந்த வண்ணம் என்று மட்டும் பாருங்கள். பிறகு ஓவியத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், பின்னால் ஆளிருக்கிறதா என்பதையும் கவனித்து, மெல்லப் பின்வாங்குங்கள். ஏதோ ஒரு தூரத்தில் தீற்றல்கள் ஒன்றுசேர்ந்து மறுபடி காட்சியாகும். ஒவ்வொரு ஓவியத்துக்கும் அந்தத் தூரம் வேறு.

இதைப் பழகுவதற்குப் பிஸ்ஸாரோவின் ‘வெண்பனி’யைவிட நல்ல ஓவியம் இல்லை. 1873இல் வரைந்தது, 1874இல் நடந்த இம்ப்ரெஷனிஸ ஓவியர்களின் முதல் கண்காட்சியில் வைத்தது. உழுத வயல், விறகு சுமந்து வரும் ஒருவர், காலை உறைபனி. வயலின் குறுக்கே நீலநிற நிழல்கள் நீண்டு கிடக்கின்றன. அந்த நிழல்களுக்குச் சொந்தமான மரங்களைத் தேடுங்கள், கிடைக்காது. மரங்கள் சட்டகத்துக்கு வெளியே நிற்கின்றன. அடுத்து நிழலின் நிறத்தைக் கவனியுங்கள். அதில் கறுப்பு இல்லை. வெயில் படும் மண் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கிறது. வெயில் படாத இடத்துக்கு வானத்தின் வெளிச்சம் மட்டுமே கிடைப்பதால் அது நீலமாக இருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அந்தத் தளத்தில் பாதி ஓவியங்கள் திறந்துகொள்ளும். அன்றைய விமர்சகர் ஒருவர், அழுக்குத் துணியில் வண்ணத்தட்டைச் சுரண்டித் தடவியிருக்கிறார்கள் என்று இதைக் கேலி செய்தார். கிட்டே நின்று பார்த்தால் அவர் எதைக் கண்டு அப்படிச் சொன்னார் என்பதும் புரியும்.

இரண்டாவது, ரெனுவாரின் ‘மூலேன் த லா காலெத் நடனம்’. 1876. ஒன்றே முக்கால் மீட்டர் அகலம் இருப்பதால் பின்னால் நிறையத் தள்ளி நிற்க வேண்டும். கீழே, நமக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கருநீலச் சட்டையைப் பாருங்கள். மர இலைகளின் ஊடே விழும் வெயில், இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த வட்டங்களாக அதன்மேல் சிதறிக் கிடக்கிறது. கிட்டே போனால் அது கறை. பத்தடி தள்ளினால் அது வெயில்.

மோனேயின் ருவான் நகரத் தேவாலய வரிசையில் ஐந்து ஓவியங்கள் ஓர்சேயிடம் இருக்கின்றன. 1892, 1893இல் அந்தத் தேவாலயத்துக்கு எதிரே ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரம்பித்து, வீட்டில் முடித்தவை. வரிசை முழுவதும் சேர்த்து முப்பதைத் தொடும். ஒன்றைப் பார்த்துவிட்டு நகராமல், இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் பாருங்கள். கல் அதேதான், நேரம்தான் வேறு. பிறகு ஓவியத்தின் பக்கவாட்டில் நின்று விளிம்போரமாகப் பாருங்கள். வண்ணம் காறை பூசியதுபோல் மேடு பள்ளமாக இருப்பது தெரியும். இது எந்த அச்சுப் பிரதியிலும், போன் திரையிலும் கிடைக்காத விஷயம், நேரில் வந்ததற்கான பலன். சில ஓவியங்களுக்கு முன்னால் கண்ணாடி இருக்கும். விளக்கு அதில் பட்டுக் கூசினால் இரண்டடி இடமோ வலமோ நகர்ந்தால் போதும்.

தெகாவின் ‘அப்சிந்த்’ (ஒரு மதுவகை) முன்னால் மேசைகளின் கால்களைத் தேடிப் பாருங்கள். பளிங்குப் பலகைகள் காலே இல்லாமல் மிதக்கின்றன, சொல்லும்வரை யாரும் கவனிப்பதில்லை. தெகாவின் பேஸ்டல் (வண்ணப்பொடிக் குச்சி) ஓவியங்கள் இருக்கும் அறை மங்கலாக இருந்தால் விளக்குக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். காகிதமும் வண்ணப்பொடியும் வெளிச்சத்தில் வெளிறிப்போகும், அதற்காகத்தான் அப்படி. கண் பழக ஒன்றிரண்டு நிமிடம் கொடுங்கள்.

பெர்த் மொரிசோவின் ‘தொட்டில்’ சின்னது, அரை மீட்டருக்குச் சற்று மேல் உயரம். கூட்டம் அதைத் தாண்டிப் போய்விடும், நீங்கள் நில்லுங்கள். முதல் கண்காட்சியில் பங்கெடுத்த ஒரே பெண் ஓவியர் இவர். குழந்தைமேல் விழும் மெல்லிய வலைத்துணியை எப்படிச் செய்திருக்கிறார் என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளைக்குள் நீலமும் சாம்பலும் இளஞ்சிவப்பும் இருக்கும்.

கயிபோத்தின் ‘தரை இழைப்பவர்கள்’ பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும். தச்சுவேலை தெரிந்தவர்கள் இழைப்புச் சுருள்களையே ரசித்துக்கொண்டு நிற்பார்கள். 1875இல் அரசாங்கத்தின் சலோன் கண்காட்சி இதைத் திருப்பி அனுப்பியது. பட்டியலின் மீதிக்கு மோனேயின் ‘சான் லசார் ரயில் நிலையம்’, ‘கசகசாப் பூக்கள்’, சிஸ்லேயின் ‘போர் மார்லி வெள்ளம்’, மானேயின் ‘புல்வெளியில் பகலுணவு’, செசானின் ‘ஆப்பிளும் ஆரஞ்சும்’. மானே வேறு, மோனே வேறு. மானே இந்தக் குழுவின் எட்டுக் கண்காட்சிகளில் ஒன்றில்கூடப் பங்கெடுக்கவில்லை. வான் கோவைப் பார்க்காமல் வர மனம் வராது, சரிதான். ஆனால் அந்த அறைதான் எப்போதும் நெரிசல். கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கலாம். ஃபிளாஷ், முக்காலி, செல்ஃபி குச்சி கூடாது. பார்த்து முடித்தபிறகு எடுங்கள். முதலில் எடுத்தால் பெரும்பாலும் அதோடு பார்ப்பது முடிந்துபோகும்.

பெயர்ச்சீட்டு

இப்போது படிக்கலாம். ஓவியர், பெயர், ஆண்டு, பிறகு ‘உயில் சூர் துவால்’ என்றிருந்தால் துணியில் எண்ணெய் வண்ணம். கடைசி வரி எப்படி அரசுக்கு வந்தது என்பதைச் சொல்லும்: ‘தோன்’ என்றால் நன்கொடை, ‘லே’ என்றால் உயில்வழி வந்தது. அதில் குஸ்தாவ் கயிபோத், 1894 என்று எத்தனை ஓவியங்களில் வருகிறது என்று பாருங்கள். ரெனுவாரின் நடனம், மோனேயின் ரயில் நிலையம், பிஸ்ஸாரோவின் ‘சிவப்புக் கூரைகள்’ எல்லாம் அவரிடமிருந்து வந்தவை. வசதியான வீட்டுப் பிள்ளை, நண்பர்களின் ஓவியங்களை யாரும் வாங்காத காலத்தில் வாங்கிக் குவித்து, நாட்டுக்கு எழுதிவைத்தார். அரசு இழுத்தடித்து ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. மீதியையும் அன்றே வாங்கியிருக்கலாம் என்று இன்று யாருக்குத்தான் தோன்றாது!

நடுவில் ஓய்வுக்கு, ஐந்தாம் தளத்தின் கடிகாரக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உணவகம் இருக்கிறது. மதிய நேரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம், விலையும் கூடுதல். சோறு குழம்பு வேண்டுமென்றால் சொல்ஃபெரினோவில் அதே 12ஆம் தடத்தில் ஏறி மார்க்ஸ் தொர்முவாவில் இறங்குங்கள். லா ஷபேல் பக்கத்து ஈழத்தமிழர் கடைகளுக்கு அங்கிருந்து நடந்துவிடலாம். வழியில் மோனே வரைந்த சான் லசாரும் அதே தடத்தில் ஒரு நிறுத்தம்தான்.

ஓரஞ்செரி

ஓர்சேயிலிருந்து செங்கோர் நடைபாலத்தைக் கடந்து, துய்லெரி தோட்டத்தின் ஓரமாகப் பத்து நிமிடம் நடந்தால் போதும். நேராக வருகிறவர்களுக்கு மெட்ரோ நிறுத்தம் கொன்கோர்த்.

இரண்டு முட்டைவடிவக் கூடங்கள், கூடத்துக்கு நான்காக எட்டு அல்லிக்குள ஓவியங்கள். உயரம் கிட்டத்தட்ட 2 மீட்டர், நீளத்தை ஒட்டிப் பார்த்தால் 90 மீட்டரைத் தாண்டும். முதல் உலகப்போர் நின்ற மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, நாட்டுக்குத் தருவதாக மோனே எழுதினார். கண்புரையோடு போராடிக்கொண்டே வரைந்தார். 1926 டிசம்பரில் இறந்தார். கூடம் திறந்தது 1927 மே மாதம்.

இங்கே மேலே சொன்ன முன்னும் பின்னும் நடக்கும் முறை பாதிதான் பலிக்கும். முதலில் நடுவில் இருக்கும் இருக்கையில் பத்து நிமிடம் உட்காருங்கள். பிறகு ஒரு ஓவியத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல நடந்து போங்கள். வெளிச்சம் கூரைவழி வரும் இயற்கை வெளிச்சம் என்பதால் மேகம் மறைத்தாலும் விலகினாலும் வண்ணம் மாறும். அதனால் குளிர்காலத்தில் பிற்பகல் நாலரைக்கு மேல் போவதில் அர்த்தமில்லை, அங்கே சீக்கிரம் இருட்டிவிடும். 1960களில் மேலே ஒரு தளத்தைக் கட்டி இந்த வெளிச்சத்தையே அடைத்து வைத்திருந்தார்கள். 2006இல் முடிந்த திருத்தவேலையில்தான் அதை அகற்றினார்கள். பேச்சுச் சத்தம் கூடாது என்பதால் சின்னக் குழந்தைகளோடு போனால் திறந்தவுடன் போய்விடுவது நல்லது. கீழ்த்தளத்தில் ரெனுவார், செசான், மோதிலியானி ஓவியங்கள் உண்டு. அரை மணி நேரம் போதும்.

மார்மோத்தான்

9ஆம் மெட்ரோ தடத்தில் லா முவெத் நிறுத்தம், பூங்கா வழியாகப் பத்து நிமிட நடை. ஓர்சேயிலிருந்து வருகிறவர்கள் ஆர்.இ.ஆர். சியில் புலேன்வில்லியேவரை நேராக வரலாம். ஆனால் பல ஆண்டுகளாகக் கோடையில் பராமரிப்புக்காக அந்தத் தடத்தை நகருக்குள் மூடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். திறப்பு காலை 10 முதல் 6 வரை, வியாழன் இரவு 9 வரை. மோனேயின் மகன் மிஷேல் 1966இல் எழுதிவைத்த ஓவியங்கள்தான் இதன் பலம். பெர்த் மொரிசோவும் இங்கே நிறைய.

‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’ எதிர்பார்ப்பதைவிடச் சிறியது: 48க்கு 63 செ.மீ. 1985இல் திருடுபோய், 1990இல் கோர்சிக்கா தீவில் கிடைத்தது. அதன் முன்னால் நிற்கும்போது ஒரு சோதனை செய்யலாம். போனில் அந்த ஓவியத்தின் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். ஆரஞ்சுச் சூரியன் சுற்றியுள்ள சாம்பல் வானத்தில் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். இரண்டுக்கும் வெளிச்சத்தின் அளவு ஏறக்குறைய ஒன்று, நிறம் மட்டுமே வேறு. நேரில் பார்க்கும்போது அந்தச் சூரியன் துடிப்பதுபோலத் தெரிவதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

இந்த ஓவியமும் பயணம் போகும். 2024இல் முதல் கண்காட்சியின் 150ஆம் ஆண்டுக்காக ஓர்சேக்குப் போயிருந்தது. இதற்காக மட்டும் மார்மோத்தான் போவதாக இருந்தால், டிக்கெட் வாங்கும் முன் அது சுவரில் இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள். அங்கே தெரியாவிட்டால் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.